மழைக்குப் பிறகு மொரிஸ் மைனர் ஸ்ராட் வருகுதில்லை, கொயில் மாத்தவோ?

ரெண்டு நாள் மழையில நிண்ட மொரிஸ் மைனர், செல்ப் நல்லா சுத்துது, பெற்றோலும் வருது, ஆனா பத்துதில்லை எண்டு கேட்டிருக்கிறீங்கள். கொயில், அதாவது பற்றரிக் கரண்டைப் பொறி பாயிற அளவுக்குக் கூட்டிக் குடுக்கிற சாமான், அதை வாங்க இப்ப வவுனியாவுக்கு ஓடாதேங்கோ. கரண்ட் எந்த இடத்தில நிக்குது எண்டதை முதல் பிடியுங்கோ.

நான் மல்லாவிப் பக்கம். அப்பா ஹயர் ஓடின ஒஸ்ரின் ஏ40 இன்னும் எங்களிட்ட நிக்குது. 90களில பெற்றோல் தடை நேரம் துளிப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடானாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடின கார், பிளக் எந்த நேரமும் கரிதான், அதைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சே எனக்கு இந்த வேலை பழகினது.

மழையெண்டபடியா டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிறது) மூடியைக் கழட்டி உள்ளயும் வெளியயும் காஞ்ச துணியால துடையுங்கோ, பிளக் வயருகளையும் சேத்து. மூடிக்குள்ள பென்சிலால கீறின மாதிரி கறுப்புக் கோடு இருந்தா அது கரண்ட் ஓடின தடம், துடைச்சுச் சரிவராது, மூடி மாத்தத்தான் வேணும். மாரியில கனக்கக் கார் இதோடயே பத்தியிடும்.

வராட்டி கொயிலில இருந்து மூடிக்கு வாற நடு வயரை மூடிப் பக்கத்தில கழட்டி, நுனியை எஞ்சின் இரும்புக்கு ஒரு 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடிச்சு செல்ப் அடிக்கச் சொல்லுங்கோ. வெறுங்கையால பிடிக்கவேண்டாம், பெற்றோல் மணக்கிற இடத்திலயும் வேண்டாம். நீலமா சடசடவெண்டு பாஞ்சா கொயில் நல்லம், பிழை மூடிக்குள்ள சுத்துற ரோட்டர், மூடி, பிளக் பக்கம். மஞ்சளா மெலிஞ்சு வந்தா எனக்கு முதல் சந்தேகம் கண்டென்சர், டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற சின்ன உருளை.

பொறியே இல்லையெண்டா 12 வோல்ட் சின்ன பல்ப் ஒண்டு எடுத்து, கொயிலில டிஸ்ரிபியூட்டருக்குப் போற முனைக்கும் கார்ப் பொடி இரும்புக்கும் குடுத்து செல்ப் அடியுங்கோ. விட்டு விட்டு எரியோணும். எரியவே இல்லையெண்டா சுவிச்சால கரண்ட் வரேல்லை, இல்லாட்டி கண்டென்சரோ வயரோ பொடியில சோட். அணையாமலே எரிஞ்சா பொயின்ற்ஸ் (டிஸ்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடுற ரெண்டு தொடுமுனை) மூடேக்க தொடுகுதில்லை, துடைச்சு 0.4 மில்லிமீற்றருக்குக் கிட்ட இடைவெளி வையுங்கோ.

எங்கட காரிலயும் பல்ப் இப்பிடி அணையாமத்தான் எரிஞ்சது, ஆனா பிழை பொயின்ற்ஸில இல்லை. ஒட்டுசுட்டானால மாங்குளம் வரேக்க இருட்டு, மழை, பின்னால அம்மா, நடு றோட்டில நிண்டிட்டுது. ஒரு கராஜில கொயில் எண்டு சொல்லிச்சினம், புதுசு வாங்கிப் போட்டம், காசு போச்சு, கார் பத்தேல்லை. பிறகு நான் பல்ப் வைச்சுப் பாத்தா அணையாம எரியுது, பொயின்ற்ஸ் துடைச்சும் அப்பிடியே. அரை நாள் தேடினாப் பிறகுதான் கண்டது, டிஸ்ரிபியூட்டருக்குள்ள போற விரல் நீள வயர், மேல்தோல் புதுசு மாதிரி இருக்கு, உள்ளுக்குக் கம்பி அறுந்து கிடக்கு, இழுத்தா றப்பர் மாதிரி நீளுது. உள்ளுக்கிருக்கிற தட்டு ஓடேக்க அசைஞ்சு அசைஞ்சு அந்த வயரை முறிச்சுப்போடும். வளையக்கூடிய மெல்லிய வயர் ஒண்டு பிடிச்சு ஈயம் ஊத்தினன், அடுத்த அடியில ஸ்ராட்.

ஒண்டு சொல்லோணும், பொயின்ற்ஸ் மூடியிருக்கேக்க சுவிச்சைப் போட்டபடி விட்டுட்டு நிக்காதேங்கோ, கொயில் சூடாகிப் பழுதாகும். கொம்பியூட்டர் வைச்ச புது ஜப்பான் காருக்கு இந்த வயர் விளையாட்டு ஒண்டும் வேண்டாம்.

பல்ப் எப்பிடி எரியுது எண்டு பாத்து எழுதுங்கோ.