டிரெய்லர் இழுக்குற வண்டிக்கு எந்த மீட்டர்?

கேள்வி: சார், என் டர்போ டீசல் பிக்கப்புல டிரெய்லர் மாட்டி ஃபைபர் போட்டை தேங்காய்த்திட்டு துறைமுகம் வரைக்கும் இழுக்குறேன், எக்ஸ்ட்ரா மீட்டர் எது போடலாம்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஒண்ணே ஒண்ணுன்னா புகைச்சூடு காட்டுற ஈஜிடி மீட்டர்தான் தம்பி, சென்சாரை டர்போவுக்கு முன்னாடி, இன்ஜின் புகை வெளிய வர்ற மேனிஃபோல்டுல வைக்கச் சொல்லுங்க, பின்னாடி வச்சா லோடுல சூட்டை ரொம்பக் குறைச்சுக் காட்டும். 700 டிகிரி செல்சியஸ் தாண்டியே நின்னா ஆக்ஸிலேட்டரை விட்டு ஒரு கியர் குறைங்க. டேஷ்போர்டுல கூலன்ட் முள்ளு இருக்கேன்னு நம்பாதீங்க, நிறைய வண்டில அது கொதிக்கப் போற வரைக்கும் நடுவுலயே தூங்கும். ஆட்டோமேட்டிக்னா கியர் ஆயில் சூடு மீட்டரும் கட்டாயம், மேனுவல்னா அந்தக் காசுக்கு ஆயில் பிரஷர் மீட்டர். டர்போ தள்ளுற காத்தழுத்தம் காட்டுற பூஸ்ட் மீட்டர் பாக்க அழகுதான், அப்புறம் பாத்துக்கலாம். நம்மூரு உப்புக்காத்துல ஒயர் ஜாயின்ட் பச்சை பூத்துடும், சாலிடர் பண்ணி ஸ்லீவ் போடுங்க.