இந்தோனேசியக் கிராமத்தில் விவசாயிகளின் வாழ்க்கை எப்படி இருக்கும்? நாம் அங்கே நிலம் வாங்கிக் குடியேற முடியுமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரர் குடியிருக்க 'ஹக் பாக்காய்' என்று கால வரம்புள்ள உரிமை ஒன்று உண்டு, ஆனால் அதை வைத்துக்கொண்டு வயல் வாங்கி உழ முடியாது. "உள்ளூர் ஆள் பெயரில் வாங்கிக்கலாம் சார், பின்னாடி ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்" என்று சொல்லும் தரகர்கள் பாலியில் நிறைய உண்டு. வெளிநாட்டவருக்கு நிலத்தைக் கைமாற்றத்தான் அந்த ஏற்பாடு என்று நிரூபணமானால் அது செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும், கொடுத்த காசும் திரும்பாது. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

நான் ராசிபுரத்துக்காரன். மத்திய ஜாவாவில் சோலோ பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. மனைவிக்குச் சொந்த ஊர் அதே மத்திய ஜாவாவில் வொனொகிரி மாவட்டத்தின் தெற்குப் பக்கம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்னைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கே நிலம் வாங்குவதில் சிக்கல் வந்தது. கல்யாணத்துக்குப் பின் வாங்குவது இருவருக்கும் பொதுச் சொத்து, அதில் பாதி வெளிநாட்டவனுடையது என்று ஆகிவிடும். சொத்து தனித்தனி என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பின்னாலும் எழுதிக்கொள்ளலாம் என்று 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு வந்தது. இங்கே யாரையாவது கல்யாணம் செய்யப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஊர்.

இந்தோனேசியக் கிராமம் என்றதும் காலண்டரில் வரும் பச்சைப் படிக்கட்டு வயல்தான் எல்லோருக்கும் நினைவு வரும். என் மாமனார் ஊர் அப்படி இல்லை. வொனொகிரி மாவட்டத்தின் தென்பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல் குன்றுகள். குன்றுகளுக்கு நடுவே பள்ளங்களில் செம்மண் தேங்கியிருக்கும், அதுதான் நிலம். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வரப்பாக அடுக்கியிருக்கிறார்கள். எத்தனை தலைமுறை பொறுக்கினார்களோ, இன்னும் மண்வெட்டி போட்டால் 'டங்' என்றுதான் சத்தம் வரும். மழைக்குக் குறைவில்லை, ஆனால் பெய்தது அத்தனையும் பாறை இடுக்கில் இறங்கி அடியில் ஓடிவிடும். மேலே குளம் குட்டை எல்லாம் ஜூலை ஆகஸ்டில் வறண்டுவிடும். வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர் பிடிக்கக் கான்கிரீட் தொட்டி இருக்கிறது. அதுவும் தீர்ந்தால் டேங்கர் லாரி. ஆட்டை விற்றுத் தண்ணீர் வாங்கியது அங்கே சாதாரணமாகப் பேசிக்கொள்கிற விஷயம்.

இந்த மண்ணில் ஒரே பயிரை நம்ப மாட்டார்கள். அக்டோபர் கடைசியில், மழை வருவதற்கு முன்பே, மேட்டு நெல்லைப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். அதே நிலத்தில் வரிசை விட்டுச் சோளக்கதிர் (மக்காச்சோளம்தான்), வரப்போரம் மரவள்ளி. பிப்ரவரி மார்ச் வாக்கில் நெல்லும் சோளமும் வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தில் நிலக்கடலை. எல்லாம் முடிந்த பின்னும் மரவள்ளி மட்டும் நின்றுகொண்டிருக்கும், ஜூலை ஆகஸ்டில்தான் பிடுங்குவார்கள். மழை ஏமாற்றினால் நெல் போகும், கிழங்கு நிற்கும். குன்றுப் பக்கம் குரங்குத் தொல்லை வேறு. சோளம் முற்றுகிற சமயம் பார்த்துக் கூட்டமாக இறங்கும்.

நானும் மரவள்ளி பார்த்து வளர்ந்தவன்தான். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கைப் பிடுங்கின கையோடு லாரியில் ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பிவிடுவோம், அதற்கு மேல் எங்களுக்கும் அதற்கும் உறவில்லை. இங்கே அதற்குப் பிறகுதான் வேலையே. மாமியார் தரையோடு ஒட்டிய சின்ன மரப்பலகையில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் கிழங்குக் குவியல். கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல், கட்டைவிரலை உள்ளே கொடுத்து ஒரு திருகு, தோல் முழுசாகக் கழன்று வரும். அடுத்தது. பேச்சு நிற்காது, கண் கிழங்கைப் பார்க்காது. நான் ஒன்று உரிப்பதற்குள் அவர் ஐந்தாறு முடித்திருப்பார். உரித்ததைப் பிளந்து முற்றம், கூரை, ரோட்டோரம் என்று வெயில் படுகிற இடமெல்லாம் காயப் போடுவார்கள். நடுவில் ஒரு தூறல் விழுந்தால் கருத்துவிடும், விலை பாதி. காய்ந்த துண்டுக்குக் காப்லெக் என்று பெயர். அதை இடித்து, மாவில் தண்ணீர் தெளித்துக் குருணையாக உருட்டி, ஆவியில் வேகவைத்தால் திவுல். மண்நிறத்தில் மொலமொலவென்று இருக்கும், லேசாக இனிக்கும். பச்சைமிளகாய்க் குழம்பும் தெம்பேயும் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) இருந்தால் எனக்குச் சோறு வேண்டாம். மாமனாருக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது. அரிசி கண்ணில் படாத காலத்தில் மூன்று வேளையும் அதைத் தின்றவர். வீட்டுக்கு வருகிற விருந்தாளி திவுல் கேட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவருக்கு நிலம் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது, எல்லாம் சேர்த்தும் ஒரு ஏக்கர் தேறாது. ஜாவாவில் இது ஏழ்மையின் அடையாளம் இல்லை, இதுதான் வழக்கமான அளவு. அரை ஹெக்டேருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்குக் கீழே வைத்திருக்கும் குடும்பங்களை அரசாங்கம் தனியாகக் கணக்கெடுக்கிறது. நாடு முழுக்க 2013 கணக்கெடுப்பில் சுமார் 1.4 கோடி குடும்பம், 2023-இல் சுமார் 1.7 கோடி. அதில் பெரும்பகுதி ஜாவாவில்தான். பாகப்பிரிவினையே இதற்கு முக்கியக் காரணம். பழைய வழக்கப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆண் காவடித் தடியில் இரண்டு கூடை சுமப்பான், பெண் முதுகில் ஒன்று சுமப்பாள் என்று அதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். இப்போது பல வீடுகளில் சமமாகவே பிரிக்கிறார்கள். என் மனைவி வீட்டிலும் அப்படித்தான், அதில் அண்ணன் தம்பிக்குக் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு.

இவ்வளவு துண்டு நிலத்தில் யார் உழுகிறார், யாருக்கு விளைச்சல் என்பது வெளியாளுக்குப் புரியவே புரியாது. என் மாமனார் நிலத்தில் ஒரு துண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் உழுகிறார், அவரோ வேறொருவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்திருக்கிறார். 'மரோ' என்றால் ஆளுக்குப் பாதி. 'மெர்தெலு' என்றால் மூன்று பங்காக வைத்துப் பிரிப்பது. யாருக்கு இரண்டு என்பது விதை, உரம் யார் செலவு, மண் எப்படி என்பதைப் பொறுத்தது. காகிதம் எதுவும் கிடையாது. கேட்டால் சிரிப்பார்கள். மாட்டிலும் இதே ஏற்பாடுதான்: காசுள்ளவர் மாடு வாங்கிக் கொடுப்பார், இல்லாதவர் தினமும் புல் அறுத்துப் போட்டு வளர்ப்பார், கன்று பங்கு. ஒத்தி வைப்பதும் உண்டு. ஏழு வருஷம் அனுபவித்துவிட்டால் காசு வாங்காமலே நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1960-லேயே சட்டம் போட்டார்கள். அந்த ஊரில் நான் கேட்டவரை, வாங்கின பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தால்தான் நிலம் திரும்பும்.

பட்டா விஷயம் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஊர் அலுவலகத்தில் இருக்கிற வரிப் பதிவேடும் வருஷா வருஷம் வருகிற வரிச்சீட்டும்தான் ஆதாரம். 2017-இலிருந்து ஊர் ஊராக வந்து ஒரேயடியாக அளந்து சான்றிதழ் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. மாமனார் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கலாம் என்று மச்சினன் ஒருமுறை சொன்னான், வீட்டில் இரண்டு நாள் யாரும் யாருடனும் பேசவில்லை. ஊர்த் தலைவருக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஊர் நிலம் அனுபவிக்கக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். இப்போது மாதச் சம்பளம் வந்துவிட்டது, அந்த நிலத்தையும் விட்டபாடில்லை. தலைவர் தேர்தல் ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இந்த நிலத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள்? நிலத்தை வைத்துப் பிழைக்கவில்லை என்பதுதான் உண்மை. கிழங்கும் நெல்லும் அடுப்புக்கு, கடலையும் முந்திரியும் கைச்செலவுக்கு (வொனொகிரி முந்திரிக்குப் பேர் போன ஊர்), மாடு அவசரத்துக்கு. மற்ற காசெல்லாம் ஜகார்த்தாவிலிருந்து வருகிறது. ஜகார்த்தாவில் தள்ளுவண்டியில் பக்சோ, அதாவது மாட்டிறைச்சி உருண்டைச் சூப், விற்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், வொனொகிரி என்று சொல்ல நல்ல வாய்ப்பு உண்டு. கோழி நூடுல்ஸ் வண்டி, முதுகில் கூடை கட்டி மூலிகைக் கஷாயம் விற்கிற பெண்கள், இவர்களிலும் இந்தப் பக்கத்தவர் ஏராளம். ஊரிலிருந்து தினமும் சாயங்காலம் ஜகார்த்தாவுக்கு வரிசையாகப் பஸ் கிளம்பும். ஊரில் மிச்சம் கிழவர்களும் பேரப்பிள்ளைகளும். வெளியூர்க் காசில் டைல்ஸ் போட்டுக் கட்டிய வீடுகள் வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டியே கிடக்கும்.

இதிலும் ஒரு சட்ட வேடிக்கை உண்டு. விவசாய நிலம் இருக்கிற தாலுகாவுக்கு வெளியே குடியிருப்பவர் அந்த நிலத்தை வைத்திருக்கக் கூடாது என்று 1961-இல் அரசாணை போட்டார்கள். உழாதவன் கையில் நிலம் சேரக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அதைக் கறாராக நடத்தினால் எங்கள் ஊரில் பாதி நிலம் பறிபோகும். அதனால் இருபது வருஷமாக ஜகார்த்தாவில் வண்டி தள்ளுகிறவர்கூட அடையாள அட்டையில் ஊர் விலாசத்தையே வைத்திருக்கிறார்.

ஊர் விலாசத்தை விடாததற்கு இன்னொரு காரணம் விசேஷங்கள். நம் மொய் நோட்டு அப்படியே அங்கே இருக்கிறது. கல்யாணம் என்றால் பெண்கள் அரிசி, சர்க்கரை, நூடுல்ஸ் தூக்கிக்கொண்டு போவார்கள், ஆண்கள் உறை கொடுப்பார்கள், எல்லாம் நோட்டில் ஏறும், பின்னால் அதே அளவு திருப்பிச் செய்ய வேண்டும். ஹஜ் பெருநாள் மாதத்தில் கல்யாணங்கள் குவியும். அந்த மாதம் ஆடு விற்றாவது மொய் செய்வார்கள், ஜகார்த்தாவில் இருப்பவரும் அனுப்பியாக வேண்டும். சமையலுக்கு ஆள் வைப்பதில்லை, தெருப் பெண்கள் எல்லோரும் மூன்று நாள் வந்து கிடப்பார்கள். வராதவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போக மாட்டார்கள். ஒரு சென்ட் நிலமும் ஊரில் ஒரு கூரையும் இருந்தால்தான் இந்த நோட்டில் உங்கள் பெயர் இருக்கும். அந்த ஒரு ஏக்கரை விற்காமல் வைத்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிலம் போனால் என்ன ஆகும் என்பதை அந்த மாவட்டம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1966-இல் சோலோ நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதற்குப் பிறகு பெங்காவான் சோலோ ஆற்றின் குறுக்கே வொனொகிரியில் காஜா முங்குர் அணையைக் கட்டினார்கள், 1976-இல் தொடங்கி 1981-இல் முடிந்தது. 51 கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. ஏறக்குறைய 67,000 பேரை ஊரோடு பெயர்த்து சுமத்ராவுக்கு அனுப்பினார்கள், பலரை மேற்கு சுமத்ராவின் சித்தியுங்குக்கு. மனைவியின் பாட்டிக்கு ஒரு தங்கை அப்படிப் போனவர். அங்கே அவருக்குக் கிடைத்த நிலம் இங்கே இருந்ததைப் போலப் பல மடங்கு, ஆனால் முதல் சில வருஷம் காட்டை வெட்டிக்கொண்டே இருந்தார்களாம். அணைத் தண்ணீர் சுகோஹர்ஜோ, கிளாதென், கரங்ஆஞார், ஸ்ராகென் மாவட்டங்களின் வயல்களுக்குப் பாய்கிறது. நிலம் கொடுத்த வொனொகிரியின் தெற்குக் குன்றுகளுக்கு அது ஏறாது. கோடையில் நீர் வற்றும்போது பழைய வீட்டு அஸ்திவாரங்களும் சமாதிகளும் வெளியே தெரியும், அந்தச் சேற்றில் அக்கம்பக்கத்து ஆட்கள் சோளமும் கடலையும் போட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். குன்றுச் சரிவுகளில் கிழங்கு பிடுங்கக் கிளறிய மண் மழையில் கரைந்து அந்த அணையைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறது, அது தனிக் கதை.

இப்போது ஊரில் நடக்கிற வாக்குவாதம் மரம் பற்றியது. புல் அறுக்கவும் கிழங்கு உரிக்கவும் ஆள் இல்லை, எல்லாவற்றிலும் தேக்கை நட்டுவிடலாம் என்கிறான் மச்சினன். நிறையப் பேர் நட்டுவிட்டார்கள். "மரம் வளர்ந்து நீ அதை விற்கிறவரைக்கும் உன் அம்மா எதைச் சாப்பிடுவாள்?" என்று மாமனார் கேட்டார். இப்போதைக்கு ஒரு துண்டில் தேக்கு, மூன்றில் பழையபடி கிழங்கு.

சும்மா போய்ப் பார்த்து வர ஆசையாக இருந்தால் ஜூலை ஆகஸ்டில் போங்கள். சோலோவிலிருந்து இரண்டு மணி நேரம், கிழங்கு காய்கிற வாசனை ரோட்டிலேயே வரும். யார் வீட்டிலாவது தங்கினால் குளிக்கிற தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். பூட்டிய வீடுகள் திறந்து ஊர் நிறைந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ரம்ஜான் பெருநாள் வாரம்தான், ஆனால் பஸ் டிக்கெட்டை வெகு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.