மரபணுத் திருத்தம் வந்துவிட்டால் பரம்பரை நோய்களே இல்லாமல் போய்விடுமா?

போகாது. ஆனால் சில நோய்களின் பிடி நிச்சயம் தளரும், தளரவும் தொடங்கிவிட்டது.

மரபணுவைத் திருத்த உதவும் கருவியான கிரிஸ்பர் என்பது உண்மையில் பாக்டீரியாக்கள் வைரஸை எதிர்க்க வைத்திருக்கும் தற்காப்பு முறை. வழிகாட்டி ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறு இடத்தைக் காட்டும், காஸ்9 என்ற நொதி அங்கே டிஎன்ஏவை வெட்டும். இதை நமக்கு வேண்டிய இடத்தில் வெட்ட வைக்கலாம் என்று 2012-ல் காட்டிய ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பென்டியே இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்கு, கிரிஸ்பரைப் பயன்படுத்தும் காஸ்கெவி என்ற சிகிச்சையை அனுமதித்தன. வேடிக்கை என்னவென்றால், பழுதான மரபணுவை அது தொடுவதே இல்லை. கருவில் இருந்தபோது நமக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) இருந்தது. பிறந்த பின் அதை உடல் நிறுத்திவிடுகிறது. அந்த நிறுத்தும் விசையைத்தான் இங்கே வெட்டுகிறார்கள். பழைய ஹீமோகுளோபின் திரும்பி வந்து வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான குறுக்கு வழி!

சரி, சிக்கல்? நோயாளியின் ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்கள்) வெளியே எடுத்துத் திருத்தி, கீமோதெரபியால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்து, பிறகுதான் திரும்பச் செலுத்த வேண்டும். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். என் கணிப்பில் அறிவியலைவிட இந்த விலைதான் பெரிய தடை.

அப்புறம், திருத்தம் ரத்தத்தோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பழைய மரபணு போகலாம். கருவிலேயே திருத்தினால் சந்ததிக்கும் போகும். 2018-ல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் அப்படித்தான் செய்தார். சீன நீதிமன்றம் மூன்றாண்டு சிறை விதித்தது.