ஹர்ட்ஸை உட்கார வைத்தது நியாயமா?

கேள்வி: என் மகள் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிப்பதால், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை ஞாயிறு விடியற்காலையில் எழுந்து பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் வந்துவிட்டது. 2018 ஜனவரியில் அலபாமா அணி ஜார்ஜியா பல்கலைக்கழக அணியுடன் ஆடிய தேசிய இறுதி ஆட்டத்தின் பதிவை அண்மையில் பார்த்தோம். இரண்டு பருவங்களாக வெற்றி தேடித் தந்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைப் பயிற்சியாளர் நிக் சேபன் இடைவேளையில் உட்கார வைத்தது அநியாயம் என்கிறேன் நான். அணிதான் வென்றுவிட்டதே என்கிறார் என் மைத்துனர். தங்கள் கருத்து என்ன?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் மைத்துனர் சேபனை ஆதரிப்பது சரி, அதற்கு அவர் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. இடைவேளையில் சேபனுக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: அணி 13-0 எனப் பின்தங்கியிருந்தது, ஹர்ட்ஸ் எறிந்த 8 பந்துகளில் 3 மட்டுமே பிடிபட்டு, 21 கெஜமே கிடைத்திருந்தது. ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் வாங்கி, எறிவதா, ஓடுவதா, பிறர் கையில் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் தீர்மானிக்கிற குவார்ட்டர்பேக் இடத்தில், பழைய வெற்றிகளுக்கு மரியாதையாக ஒருவரைத் தொடர்ந்து வைத்திருப்பது மற்ற வீரர்களுக்கு இழைக்கும் அநீதியாகிவிடும்.

மாற்றாக வந்த முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவும் தவறே செய்யாதவர் அல்லர். சமநிலையை முறிக்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் எதிரணியிடம் சிக்கி 16 கெஜம் பின்னுக்குப் போனார். ஆனால் அடுத்த நகர்விலேயே வலப்பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துத் தடுப்பாளரை அங்கே இழுத்துவிட்டு, இடப்பக்கம் ஓடிய டிவோன்டா ஸ்மித்துக்கு 41 கெஜத்துக்கு எறிந்தாரே, அதைப் பதிவில் மீண்டும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். 26-23 என்று ஆட்டம் முடிந்தது அந்த எறிதலில்தான்.

ஆயினும் உங்கள் மனக்குறையில் உண்மை இருக்கிறது. அது அந்த இரவைச் சேர்ந்ததன்று, அதற்குப் பிந்தைய மாதங்களைச் சேர்ந்தது. அந்த வசந்த காலம் முழுவதும் தன் மனநிலை என்ன என்று பயிற்சியாளர்கள் உட்பட ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லை என்று 2018 ஆகஸ்டில் ஹர்ட்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். பத்தொன்பது வயது இளைஞரிடம் அந்தப் பேச்சை நடத்தாமல் விட்டதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அவரோ விலகிவிடாமல் இருந்து, அதே ஆண்டு டிசம்பரில், அந்த இறுதி ஆட்டம் நடந்த அதே அட்லாண்டா அரங்கில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவா காயமடைந்தபோது, 28-21 எனப் பின்தங்கிய நிலையில் இறங்கி 35-28 என்று வென்று கொடுத்தார். வாதத்தைத் தொடர்வதானால், உட்கார வைத்ததை விட்டுவிட்டு, கேட்காமல் விட்டதைப் பற்றி உங்கள் மைத்துனரிடம் கேளுங்கள்.