எங்கே புட் அப்?

தம்பி, பம்பாய் அந்தேரியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், என்ன அர்த்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஹிந்தி, சாப்பாடு என்று கவலைகள். ஹிந்தி தானாக வந்துவிடும். சாப்பாட்டுக்கு நம்ம ஊர் ஹோட்டல்கள் உள்ள மாட்டுங்கா இருக்கிறது.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். லண்டன்காரர்களுக்கு ‘புட் அப்’ என்றால் விருந்தாளியை ரெண்டு ராத்திரி தங்கவைப்பது. இங்கே சொந்த ஃப்ளாட்டில் காலமெல்லாம் இருப்பவரையும் இப்படித்தான் கேட்பார்கள். அரசு ஆபீசில் ஃபைலைப் புட் அப் பண்ணு என்றால், மேலதிகாரி பார்வைக்கு வை என்று பொருள். பின்னால் ‘வித்’ சேர்ந்தால் பொறுத்துப்போவது. லோக்கல் ரயிலில் மூணு பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து ‘தோடா அட்ஜஸ்ட்’, கொஞ்சம் நகருங்க, என்பார், நகர்ந்து இடம் கொடுப்பீர்கள் பாருங்கள், அதுதான்.

பதிலுக்கு ஸ்டேஷன் பெயர், தண்டவாளத்துக்கு ஈஸ்டா வெஸ்டா, இவ்வளவு போதும். அதிலேயே உங்கள் வாடகையைக் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இன்னும் வீடு பார்க்கவில்லை என்றால் இதைக் கவனியுங்கள். 11 மாச ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ (இங்கே வீடு வாடகைக்கு எடுக்கும் வழக்கமான முறை) ஒப்பந்தம்தானே, ரிஜிஸ்டர் எதற்கு என்பார் புரோக்கர். தலையாட்டாதீர்கள். மகாராஷ்டிராவின் 1999 வாடகைச் சட்டப்படி அதுவும் எழுத்தில் இருக்கணும், பதிவாகணும். பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் படிக்காமல் டோக்கன் பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். என்னிடம் வாங்கிய புரோக்கர் அடுத்த நாளே கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது நான் தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் பலபேரோடு இருந்தேன். நைட் ஷிப்ட் ஆள் காலையில் வந்து காலால் தட்டுவார், நான் எழுந்ததும் அதே பாயில் படுத்துவிடுவார். பாய் சூடு ஆறவே ஆறாது. ஆபீசில் கேட்டால் தாராவி என்றே சொல்வேன். பக்கத்து அறைக்காரர் மட்டும் தாராவி என்று சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்து ஏரியா பெயரான ‘சயான்’ என்பார். இன்றைக்கும் நம்மவர்கள் சிலர் அப்படித்தான் மழுப்புகிறார்கள், கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. பவாயில் இருபதாவது மாடியில் இருக்கும் நம்ம பையன்களோ லோக்கலில் ஒருநாள்கூட ஏறாமல் பம்பாயைத் திட்டுகிறார்கள். அவர்களிடம் வீடு விசாரிக்காதீர்கள். செம்பூர் பக்கம் வாங்க, நான் காட்டுகிறேன்.