மெக்னீசியம் சல்பேட் ஏறும்போது எதைக் கவனிப்பது?

சகோதரி, மருத்துவச்சிப் பயிற்சியின் இரவுப் பணியில், முன்சூல்வலிப்பு (கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய்) உள்ள தாய்க்கு, வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஏறியபோது கருவியின் எண்களைத் தவிர வேறெதைப் பார்ப்பதென்று தெரியாமல் தவித்ததாக எழுதியிருந்தீர்கள்.

முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மருந்து மிகும்போது அந்த அனிச்சை அசைவுதான் முதலில் மறையும், மூச்சு தளர்வது அதற்குப் பிறகே. எபிடியூரல் (முதுகில் போடும் மரப்பூசி) போட்டிருந்தால் கால் மரத்திருக்கும், அதனால் கையில் தட்டுங்கள். மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே குறைந்தாலோ, மூச்சு நிமிடத்திற்கு 12-க்குக் கீழே இறங்கினாலோ தயங்காமல் மருத்துவரை அழையுங்கள். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் எந்த அறையில் இருக்கிறதென்பதைப் பணி ஏற்கும்போதே நேரில் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று: சிங்கப்பூர் வார்டுகளில் நம் தமிழ்த் தாய்மார் “நெஞ்சு கரிக்குது” என்றால், அது முன்சூல்வலிப்பால் வரும் கல்லீரல் பாதிப்பின் வலியாகவும் இருக்கலாம், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.