சிக்னலில் மட்டும் சூடேறினால் முதலில் ஃபேனைப் பாருங்கள்

ஹைவேயில் ஒழுங்காக ஓடும் செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார், டிராஃபிக்கில் நின்றால் மட்டும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்கிறீர்கள். மெக்கானிக் 'ஹெட் கேஸ்கெட்' (இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது என்றதற்காக உடனே இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ஃபேன் தலையில்.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றும். சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்). அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலேயை மாற்றிச் செருகினாலே தெரிந்துவிடும். அதுவும் சரி என்றால், ஃபேன் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி போட்டால் சுற்றி, சூடேறும்போது மட்டும் சுற்றாவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சார் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்து, சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகையும் வந்தால், மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் (கட்டாயம் ஒருவர் சொல்வார்) ஒப்புக்கொள்ளாதீர்கள்.